மாப்பிள்ளையின் அப்பாவை மேடைக்கு அழைத்த மாலை

தராஸ் நகரத்தில் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் பார்ப்பார்கள், அடுத்து ஒரல்பெக்கைப் பிடிப்பார்கள். சில வீடுகளில் மண்டபத்துக்கும் முன்னால் அவரைத்தான் பிடித்தார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு, வாழ்த்துச் சொல்ல ஆட்களை வரிசையாகக் கூப்பிட்டு, முழங்கால் வலிக்காரர்களையும் ஆட வைத்து, முதல் தேநீரிலிருந்து கடைசி இறைச்சித் தட்டு வரை விருந்தை நடத்திக் கொடுக்கிற அசபா அவர். அறுவடை முடிந்துவிட்டால் மதியம் பெண் வீட்டு விருந்து, மாலை மாப்பிள்ளை வீட்டு விருந்து. நடுவில் காரின் பின்சீட்டில் காலை மடக்கி ஒரு கோழித் தூக்கம், அவ்வளவுதான்.

"உங்களைக் கண்ணால பாக்கணும்னா நானும் யாரையாவது கட்டிக்கிட்டு ஒரு விருந்து வைக்கணும் போலிருக்கு" என்பாள் மனைவி மக்பால்.

"இந்த சீசன் போகட்டும்" என்பார் அவர். சீசன் போனால் புத்தாண்டு விருந்துகள் வரும். அவை முடிந்தால் வசந்தத்தில் நௌரூஸ் பண்டிகை, பிறந்த நாள், சுன்னத்து. சீசன் போகவே இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தானே உட்கார்ந்து வாழ்த்துப் பாட்டு கட்டியவர்தான். இப்போது பாட்டு ஒன்றே, பெயர்கள் மட்டும் மாறும். ஒட்டகத்தைப் பற்றி ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே கீபோர்டு வாசிக்கும் ரவானின் உதடு அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். "அகா, அந்த ஒட்டகத்துக்கே வயசாயிடுச்சு. அவுத்து விட்ருங்க, பாவம்" என்று அண்ணன் முறை வைத்து ரவான் கெஞ்சியும் பார்த்துவிட்டான்.

ஜக்சிலிக் அவருடைய பள்ளிக்கூடத் தோழன். ஒரே பெஞ்சு. சில மாதங்கள் மூத்தவன் என்பதால் அவன் மனைவி உல்மேகன் இவருக்கு அண்ணி முறை. கணவன் வீட்டு ஆண்களை அண்ணிமார் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, செல்லப் பெயர்தான் வைப்பார்கள். இவர் பாடுவதைக் கேட்டு அவள் வைத்தது பாடும் பறவையின் பெயர், புல்புல்.

போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில் ஏரிக்கரைக்கு மீன் பிடிக்கப் போன ஜக்சிலிக் அங்கேயே நெஞ்சடைத்துச் சாய்ந்துவிட்டான். ஷிம்கெண்டில் ஒரு மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரல்பெக்குக்கு போன் வந்தது. குளியலறைக்குள் போய் அழுதார். முகம் கழுவினார். மேடை ஏறினார். "நாப்பதாம் நாளுக்கு வந்துடறேன் அண்ணி" என்று உல்மேகனிடம் போனில் சொன்னார். நாற்பதாம் நாள் ஒரு கல்யாணம். வருஷ நினைவு விருந்தன்று இரண்டு. இரண்டு முறையும் மக்பால்தான் போய்வந்தாள்.

அந்த வீட்டுப் பையன் எர்சாயினுக்குப் போன அக்டோபரில் கல்யாணம் கூடியது. "நீதான் நடத்தணும் புல்புல். உன் அண்ணன் ஆசைப்பட்டது" என்றாள் உல்மேகன். ஒரல்பெக் ஒப்புக்கொண்டார். அன்று மதியமே இன்னொரு விருந்தும் இருந்தது. அதை விடவில்லை.

மண்டப வாசலில் உல்மேகனைக் கட்டிக்கொண்டு ஆறுதல் சொன்னார். எல்லாம் நினைவில்தான் இருந்தது. மேடை ஏறி, மணப்பெண்ணின் முகத்திரை விலக்கும் பாட்டைப் பாடி முடித்தபோது கண் எரிந்தது. அதற்கப்புறம் நாக்கு தானாக ஓடியது. பெண்ணின் தாத்தா வந்தார், அப்பா வந்தார், வாழ்த்தினார்கள். அடுத்து யார் என்பது நாக்குக்குத் தெரியும்.

"இப்போ நம்ம மாப்பிள்ளையோட அப்பா வரார்! எல்லாரும் கை தட்டுங்க!"

ரவானின் விரலும் பழக்க தோஷத்தில் முரசொலியைத் தட்டிவிட்டது. யாரும் எழுந்து வரவில்லை. இந்த இடத்தில் வழக்கமாகச் செய்யும் கேலியை ஒரல்பெக் எடுத்து விட்டார்.

"எங்கே ஒளிஞ்சிருக்கார்? மருமக வந்துட்டாள்னு பயந்து ஓடிட்டாரா? ஏய் ஜக்சிலிக், எழுந்து வாய்யா!"

அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் மண்டபத்தைச் சுற்றிவந்து அவர் காதிலேயே விழுந்தது. அப்போதுதான் உறைத்தது.

முரசொலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரவான் வெளிறிப்போய் அதை நிறுத்தினான். எர்சாயின் அடி வாங்கியவன் மாதிரி அப்பாவின் நண்பரைப் பார்த்தான். புது மருமகள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஜக்சிலிக்கின் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் கையை உல்மேகன் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு அவளே மேடைக்கு நடந்து வந்தாள். ஒரல்பெக் மைக்கை நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் அதை அவர் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் வர மாட்டார். அதான் நான் வந்திருக்கேன்" என்று ஆரம்பித்து, பிள்ளைகளை வாழ்த்தினாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. முடித்ததும் மைக்கை மார்பில் பொத்திக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஒரல்பெக், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றாள்.

பெயரைச் சொல்லிவிட்டாள். மண்டபம் முழுக்கச் சேர்ந்து அடித்திருந்தாலும் அப்படி வலித்திருக்காது.

மிச்ச விருந்தை ரவான் எப்படியோ நடத்தி முடித்தான். ஒரல்பெக் கார் வரை போய்த் திரும்பினார். வண்டியை அங்கேயே விட்டு நடந்து வீட்டுக்கு வந்தார். கேட்டதும் மக்பால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரைச் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"எழுந்து வாய்யான்னு கூப்பிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் படுக்கையை விரித்துப் போட்டாள். அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் தூங்கித் தீர்த்தார். அசைவே இல்லாமல் கிடந்ததைப் பார்த்து மக்பால் ஒருமுறை மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். எழுந்ததும் முதல் வேலையாகக் கல்லறைக்குப் போனார். அங்கிருந்து உல்மேகன் வீட்டுக்கு. அவள் பால் தேநீர் ஊற்றி முன்னால் வைத்தாள். மன்னிப்புக் கேட்டவரை முடிக்க விடவில்லை.

"மேடையில அவரைக் கூப்பிட்டது தூக்கக் கலக்கம். அதை நான் அன்னிக்கே விட்டுட்டேன். ஆனா நாப்பதுக்கு வரலையே, அப்போ நீ முழிச்சிட்டுத்தானே இருந்த?"

தேநீர் ஆடை கட்டிப்போகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அவள் சமாதானம் ஆனாளா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. போனால் தேநீர் ஊற்றுகிறாள்.

குளிர்காலம் முடிவதற்குள் பாதிக் கல்யாணங்களை இளைய அசபாக்களுக்குத் தள்ளிவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு விருந்து. வாரத்தில் பாதி நாட்கள் வீடு. விருந்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய் ஒரு வேளை தேநீர் குடிப்பது என்று வைத்துக்கொண்டார். யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எதைக் கேட்டால் அழுவார்கள் என்று தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்து பாட்டுக் கட்டினார். முதல் சில நாட்கள் ஒரு அடிகூட வரவில்லை. இத்தனை வருஷம் மேடையில் பேசியவனுக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத வரவில்லையே என்று திடுக்கிட்டுப்போய், பழைய புத்தகங்களைத் தேடிப் பள்ளிப் பிள்ளை மாதிரி நூலகத்துக்குப் போனார்.

வசந்தத்தில் ஜக்சிலிக்கின் நினைவு நாள் சனிக்கிழமையில் வந்தது. அன்று கல்யாண விருந்து நடத்தித் தரச் சொல்லிப் பெரிய இடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"அன்னிக்கு எனக்கு முடியாதுங்க" என்றார் ஒரல்பெக்.

"வேற கல்யாணமா அகா?"

"கல்யாணம் இல்ல. ஒரு வீட்டுக்குப் போகணும்."

"சனிக்கிழமை சும்மாவா இருக்கப் போறீங்க? உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று கேட்டார் அந்த ஆள், நிஜமாகவே பதறிப்போய்.