பீரோவுக்குள் கிடந்த சலான்

அறந்தாங்கியிலிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஸ்கூட்டியில் போய்வரும் ஆசிரியை நான். வண்டி, துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் பெயரில் இருக்கிறது.

ஒருநாள் வாகனச் சோதனையில் போலீஸ்காரர் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஹெல்மெட் போடலைன்னு பழைய அபராதச் சலான் ஒண்ணு கட்டாம நிக்கிது. கோர்ட்டுக்கே போயிருச்சும்மா" என்றார். ஹெல்மெட் இல்லாமல் நான் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை.

கணவரிடம் போனில் கேட்டேன். "வண்டி ஆர்சியில என்னோட நம்ம ஊர் நம்பரத்தானே குடுத்தேன். சலான் மெசேஜ் அதுக்குத்தான் வந்திருக்கும், அந்த சிம்மு பீரோவுலல்ல கெடக்கு! பேசாம கட்டிட்டு விடு, கோர்ட்டுன்னு அலையாத" என்றார்.

கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? மனம் கேட்காமல் கம்ப்யூட்டர் சென்டரில் சலானைத் திறந்து பார்த்தேன். படத்தில் இருந்தது கறுப்பு பைக், ஓட்டியவர் மீசைக்காரர்! அந்த பைக்கின் கடைசி எண் மூன்றை எட்டாகப் பதிந்ததில் அது என் வண்டி எண்ணாகிவிட்டது. அந்தப் படத்தையும் என் ஸ்கூட்டி படத்தையும் இணைத்துப் போக்குவரத்துப் போலீசுக்குப் புகார் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. போன் அடித்தாலே அந்தப் பதில்தானோ என்று ஓடி எடுக்கிறேன்.

இப்போது மாதாமாதம் வண்டி எண்ணைப் போட்டுச் சலான் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கணவர் லீவில் வந்ததும் முதல் வேலையாக ஆர்சியில் என் போன் எண்ணை ஏற்ற வைத்தேன். வண்டி யார் பெயரில் இருந்தால் என்ன, நடுரோட்டில் நிற்கப்போவது நான்தானே?