விருந்தாளியின் இலை

மயிலாப்பூரில் விடிந்தும் விடியாமலும் இருக்கிறது. காலாற நடந்துவரக் கிளம்பிய நான், தெருமுனை சிமென்ட் குப்பைத்தொட்டி அருகே, நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். கடத்தல் சரக்கு மாதிரி எதையோ துண்டுக்குள் மறைத்துவைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் திருதிருவென்று விழிக்கிறார்.

நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே இவரிடமும் மாமியிடமும் நான் அளந்தது ஞாபகம் வருகிறது. "ஈரோட்டுல எங்க வீட்ல குப்பைத்தொட்டியே கிடையாதுங்க. குப்பையே சேர விடமாட்டேன்." மாமி ஆச்சரியப்பட ஆச்சரியப்பட, நானும் விடாமல் பேசினேன்.

"நீங்க எழுந்துக்கறதுக்குள்ள கொட்டிட்டு வந்துடச் சொன்னா ஆத்துக்காரி" என்கிறார் அவர், தரையைப் பார்த்தபடி. "எங்காத்துல தினம் இவ்வளவு சேராது சார். தட்டுலதான் சாப்பிடுவோம். நீங்க வந்திருக்கேளேன்னு..."

துண்டு நழுவுகிறது. வாழையிலை, இனிப்புக் கடை அட்டைப்பெட்டி, ஐஸ்கிரீம் கப், எனக்காக வாங்கிய கொசுவத்திச் சுருளின் டப்பா. இலை ஓரத்தில் நான் ஒதுக்கிய பாகற்காய் அப்படியே இருக்கிறது.

"குடுங்க சார், நான் போட்டுடறேன்" என்று கையை நீட்டுகிறேன்.

"ஐயையோ! ஆத்துக்கு வந்தவர் குப்பையைத் தொடலாமா?" என்று பதறி அவரே கொட்டுகிறார்.

வீட்டில் மாமி டிபனுக்குப் புது இலையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தட்டு போதும் என்று சொல்ல வாயெடுக்கிறேன். நேற்று பேசியது போதாதா என்று அடக்கிக்கொண்டு உட்காருகிறேன். சட்னியில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட ஒதுக்காமல் மென்று விழுங்குகிறேன்.