ஒரே ஐம்பது கம்பெனி, இரண்டு விலை

என் அண்ணன் பொய் சொல்கிறான். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சிக்கு எந்த ஃபண்டுல போடணும்னு நான்தான் சொன்னேன்" என்கிறான். அவன் சொன்னது வேறு.

2006இல் அப்பாவின் நிலத்தை விற்றதில் என் பங்கு வந்தது. என் பெயரில் நான் பார்த்த முதல் பணம். மகளின் படிப்புக்கு அதை விட்டால் வேறு கிடையாது. நகையாக வாங்கி வைத்தால் வீட்டில் யாராவது அடகு வைக்கக் கேட்பார்கள். அதனால் ஷேர் மாதிரியே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்டில் போடலாம் என்று நினைத்தேன். தாம்பரத்தில் மாடியில் இருந்த புரோக்கர் ஆபீசில் இரண்டு ஃபண்டைச் சொன்னார்கள்; இரண்டுமே சந்தையின் பெரிய ஐம்பது கம்பெனிகளின் ஷேரை வைத்திருப்பவை. ஒன்றின் யூனிட் விலை மற்றதைப் போலப் பத்து மடங்கு.

அண்ணன் மனை வாங்கி விற்பவன். விலையைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டான்.

"சல்லிசா இருக்கறதை வாங்கு. ஊரப்பாக்கத்துல ஒரு கிரவுண்டு வாங்கின காசுக்கு அன்னிக்கு தாம்பரத்துல பாத்ரூம் கட்ட இடம் கிடைக்காது. இப்ப எது ஏறிச்சு?"

"ரெண்டுலயும் அதே அம்பது கம்பெனிதாண்ணா. ஒரே மனையை நீ பத்து துண்டா போட்டா நிலம் அதிகமாயிடுமா?"

இடத்தைப் பார்க்காமல் அவன் எதையும் வாங்கியதில்லை. மறுநாள் என்னை வண்டியில் ஏற்றி, மறைமலை நகர் தாண்டி, அந்த ஐம்பதில் ஒரு கம்பெனியின் கேட்டுக்குக் கொண்டுபோனான். வெயில் மண்டையைப் பிளந்தது. வாட்ச்மேன் வந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"யாரையும் இல்ல. கம்பெனியைப் பாக்க வந்தோம். வாங்கலாம்னு."

"முழுசாவா சார்?"

நான் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அண்ணன் கோபத்தில் ஊரப்பாக்கம் வரை வண்டியை விரட்டினான். அங்கே நிறுத்தி எனக்கு மட்டும் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

நான் பார்த்தது இரண்டே விஷயம். வருஷத்துக்கு யார் குறைவாகக் கட்டணம் பிடிக்கிறார்கள்; நான் விற்கப் போகும் நாளில் வாங்க ஆள் இருக்குமா. இரண்டிலும் யூனிட் விலை அதிகமாக இருந்த ஃபண்டுதான் மேல். அதைத்தான் வாங்கினேன். "பட்டாதான் தெரியும் உனக்கு" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனான்.

2008இல் பட்டேன். போட்டதும் போய்விடும் போலச் சந்தை சரிந்தது. மகள் அப்போது பத்தாவது. மிஞ்சியதையாவது எடுத்துவிடலாம் என்று அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் புரோக்கர் ஆபீசுக்குப் போனேன். விற்கிற சீட்டை நீட்டினேன். அங்கிருந்த பையன் சொல்லக் கூடாததைச் சொன்னான்.

"உங்க அண்ணன் இன்னும் வச்சிருக்காரு மேடம். நீங்க வாங்கின அடுத்த வாரமே அவரும் வந்து இதையேதான் வாங்கினாரு. நிறைய."

சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பணத்தில்தான் மகள் காலேஜ் முடித்தாள்.

தங்கச்சி பேச்சை நம்பித் தன் காசையும் போட்டவன், அதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுத்த மாதம் அவன் மகள் கல்யாணம். சொந்தம் முழுக்க வரும். அண்ணா, அங்கே பந்தியில் எல்லார் முன்னாலும் பதில் சொல்: நீ வாங்கியது எந்த ஃபண்டு, யார் பேச்சைக் கேட்டு?