கப்பலில் வாந்திபேதி வந்தபோது ஆண்டவர் எங்கள் வாயைத் திறந்தார்

எனக்காக முழங்காலில் நின்ற அரியலூர் சபையாருக்கும், இதை வாசிக்கிற எல்லா விசுவாசிகளுக்கும் நர்ஸ் ஸ்டெல்லாவின் ஸ்தோத்திரம்.

போன வருடம் ஈஸ்டர் நெருங்கிய நேரம். நடுக்கடலில் எங்கள் கப்பலுக்குள் வாந்திபேதி புகுந்தது. முதலில் ஒரு வயதான அம்மா. மறுநாள் அவருடைய கணவர். அதற்கடுத்த நாள் எங்கள் மருத்துவப் பிரிவின் வாசலில் உட்கார இடமில்லை. கரையோ தூரத்தில் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவளாக நான் நின்றதே இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எனக்குச் செந்துறைப் பக்கம். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றியவர். பெரம்பலூரில் நர்சிங் படித்து, திருச்சியில் வேலை பார்த்து, அப்புறம் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் இந்தக் கப்பலில் சேர்ந்தேன். "கல்யாணம் ஆவாத புள்ளய கப்பலுக்கா அனுப்புவ?" என்று தெருவே அப்பாவைக் கேட்டது. "அவளப் பாத்து கப்பல்தான் பயப்படணும், போங்க" என்றார் அப்பா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை ஆண்டவர் எதற்குக் கொடுத்தார் என்று இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது.

இந்தக் கிருமி பொல்லாதது. சானிடைசருக்கெல்லாம் அசராது. சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். பயணிகள் தாங்களே எடுத்துச் சாப்பிடும் பஃபேயை நிறுத்தினோம். கையுறை போட்ட ஊழியர்கள் பரிமாறினார்கள். மேசையில் இருந்த உப்பு, மிளகுக் குப்பிகளை எடுத்துவிட்டோம். மாடிப்படிக் கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், கதவுக் குமிழ் எல்லாவற்றையும் குளோரின் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தோம். நோய் வந்தவர்கள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்படும். இவ்வளவு செய்தும் நிற்கவில்லை. இந்தத் தளத்தில் அடங்கினால் அந்தத் தளத்தில் கிளம்பியது.

எங்கள் கப்பல் டாக்டர் ஒரு வெளிநாட்டு அம்மா. அவர் என்னைக் கூப்பிட்டு, "நம் ஊழியர்களில் யாரோ நோயை மறைத்துக்கொண்டு சாப்பாட்டில் கை வைக்கிறார். அந்த ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் இது நிற்காது. அந்த ஆளும் பிழைக்க மாட்டார்" என்றார்.

கப்பலில் ஒரு விதி உண்டு. ஊழியர்களில் யாருக்கு வயிறு கெட்டாலும் உடனே சொல்லிவிட வேண்டும். நோய் நின்று இரண்டு நாள் ஆகும்வரை தனியறை. நோய் வந்ததற்காக யாரையும் விரட்ட மாட்டார்கள், மறைத்தால்தான் ஆபத்து. ஆனாலும் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நான் சமையல்கூட வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் தலையை ஆட்டி "இல்லை" என்றார்கள். நம்ம ஊர்க்காரர்களும் அப்படித்தான். "நல்லாருக்கேன் சிஸ்டர், ஸ்தோத்திரம்!"

நம்ம பக்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் அந்தக் கப்பலில் இருந்தோம். ஒருவர் போனால் இன்னொருவரை இழுத்துவிடுவது நம் வழக்கம்தானே. எங்களுக்கென்று ஒரு ஜெபக்குழு. அதை நடத்தியவர் லாரன்ஸ் அண்ணன், பெரம்பலூர்க்காரர். கப்பல் லாண்டரியில் வேலை. தங்கமான மனிதர். ஆனால் ஒரு போதனையைப் பிடித்தபிடியாகப் பிடித்திருந்தார். 'வியாதி' என்று வாயால் சொன்னால் வியாதிக்கு இடம் கொடுத்ததாகுமாம். 'சுகமானேன்' என்று அறிக்கை செய்தால் சுகம் தானாக வருமாம். நம் சபைகளிலும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது ஒருநாளும் தொண்டையில் இறங்கியதில்லை.

அன்று மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே ஜெபித்தேன். பணிவான ஜெபம் இல்லை, சண்டை. "ஆண்டவரே, மறைந்திருக்கிற அந்த ஆள் சாகிறதுக்கு முன்னால் வெளியே கொண்டுவாரும். கொண்டுவருகிற வரைக்கும் நான் உம்மை விடப்போவதில்லை" என்றேன்.

விடிந்ததும் எனக்கே வாந்தி.

கோபத்தில் ஆண்டவரைத் திட்டினேன். நான் கேட்டது என்ன, அவர் கொடுத்தது என்ன? டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தனியறையில் போய்ப் படுத்தேன். கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. யாரும் ஒன்றுகூடக் கூடாது என்று கப்பலில் உத்தரவு இருந்ததால், ஜெபக்குழு மதிய இடைவேளையில் போனில் நடந்தது. எல்லோரும் அவரவர் அறையிலிருந்து ஒரே அழைப்பில் சேர்வோம். லாரன்ஸ் அண்ணன் ஆரம்பித்தார்: "ஒவ்வொருத்தரா சாட்சி சொல்லுங்க."

எல்லோரும் சுகம், சுகம் என்றார்கள். என் முறை வந்தது.

"எனக்கு வயித்தால போவுது. வாந்தியும் நிக்கல. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

"தங்கச்சி, அப்புடி வாயால சொல்லாத. சுகமாயிட்டேன்னு சொல்லு."

"சுகமான பெறவு சொல்றேண்ணே. இப்ப சுகமில்ல. இல்லாதத இருக்குன்னு சொன்னா அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல, பொய்யி. பயத்துக்கு விசுவாசம்னு பேரு வச்சு ஆண்டவர்ட்ட விக்கிறோம். அவரு வாங்க மாட்டாரு."

"அவிசுவாசமா பேசுற நீ."

"பைபிள்ல சுகம் வாங்குனவங்கள்லாம் தனக்கு என்னன்னு கத்திச் சொன்னவங்கதான். நானும் கத்துறேன்."

அப்போது போனில் ஈனமாக ஒரு குரல். ஆலத்தியூர் அருள். சமையல்கூடத்தில் பழம் வெட்டுகிறவன்.

"அக்கா... எனக்கும் போவுதுக்கா. கப்பல் கெளம்புன மறுநாள்லேர்ந்து. இன்னைக்கி எந்திரிக்கவே முடியல. கண்ண இருட்டிக்கிட்டு வருது."

சமையல்கூட வாசலில் என் கேள்விக்கு "ஸ்தோத்திரம்" சொன்ன அதே பையன்! அந்த வாரம் முழுவதும் கப்பல் சாப்பிட்ட பழத்தட்டுகள் என் கண் முன்னால் வந்தன. உடனே அறை போனை எடுத்து டாக்டருக்குச் சொன்னேன். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது நாடி பிடிபடவில்லையாம். உடம்பில் நீரே இல்லை. குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆலத்தியூருக்குப் பெட்டிதான் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, நான் கட்டிலில் சுருண்டு ஓவென்று அழுதேன்.

அருள் வாயைத் திறந்ததும் மற்ற வாய்களும் திறந்தன. அன்று சாயங்காலத்துக்குள் லாண்டரியிலிருந்து இருவர் டாக்டரிடம் வந்து சொன்னார்கள். கடைசியாக லாரன்ஸ் அண்ணனே வந்தார். எல்லோரையும் தனியறையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக வாந்தி எடுப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கரை வந்தபோது அருள் தன் காலால் நடந்து இறங்கினான்.

நர்ஸாக நான் கேட்டபோது ஒருவரும் சொல்லவில்லை. நோயாளியாக நான் சொன்னபோது எல்லோரும் சொன்னார்கள். என் ஜெபத்துக்குப் பதில் என் வயிற்றின் வழியாகத்தான் வந்தது. ஆண்டவரே, உம்மை அன்று திட்டியபோதும் நீர் என்னைத் தள்ளவில்லை. உமக்கு நன்றி.

லீவில் ஊருக்கு வந்ததும் சபையில் சாட்சி சொல்லக் கேட்டார்கள். ஒரு சகோதரர் தனியாக வந்து, "சிஸ்டர், அந்த வயித்தால போற சமாச்சாரத்த மட்டும் வுட்டுட்டு சொல்லுங்களேன்" என்றார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். மைக்கில் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா என் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார். "மார்ல ஒரு கட்டி இருக்கு தங்கச்சி. ஒரு வருசமா. வூட்டுக்காரர்ட்டகூட சொல்லல. சுகமாயிட்டேன், சுகமாயிட்டேன்னுதான் சொல்லிக்கிட்டுருக்கேன்" என்றார். மறுநாளே திருச்சிக்குக் கூட்டிப்போனேன். வைத்தியம் நடக்கிறது. முடியெல்லாம் கொட்டிவிட்டது. மொட்டைத் தலையில் முக்காட்டோடு அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிறார்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் ஏதோ ஒன்று இருக்கும். வெளியே சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் முகம் சுளிக்க மாட்டார். சுளிக்கிற மனிதர்களை என்னிடம் அனுப்புங்கள். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.