திண்டிவனத்துக்கு யாரும் வரவேண்டாம்

அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததால்தான் அம்மா ஓட்டக்காரி ஆனாள். தினமும் விடிகாலையில் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளவனூரில் உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்குத் தனியாக நடக்கக் கூச்சம். துணைக்கு அம்மாவை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தார். பிறகு முட்டி வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார். துணைக்குப் போனவள் மட்டும் நிற்கவில்லை. நடை ஓட்டமாகி, நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, அம்மா சுடிதாரும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக ஏரிக்கரையின் கடைசிவரை ஓடிப்போய்த் திரும்பி வந்து, எங்களை எழுப்பிப் பல் துலக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹைஸ்கூல் பி.டி. சார் தன் பையன்களை ஓடவிட்டுப் பழக்குவதும் அதே கரையில்தான். ஒருநாள் அம்மா அந்தப் பையன்களைத் தாண்டிப் போய்விட்டாள். பையன்களுக்கு அவமானம், சாருக்கு ஆனந்தம். நேராகக் கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணா, உங்க வீட்டம்மா ஓடறதப் பாத்திருக்கீங்களா? அடுத்த மாசம் விழுப்புரத்துல லேடீஸ் ரேஸ் வைக்கிறாங்க. பத்து கிலோமீட்டர். பேர் குடுங்க. பிளேஸ் கேரண்டி."

அப்பா பார்த்ததே இல்லை. அம்மா ஓடும் நேரம் அவர் தூங்கும் நேரம். ஆனாலும் அன்று சாயந்திரத்துக்குள் அம்மாவின் கோச் ஆகிவிட்டார்.

அம்மா பிறந்த ஊரான கெடாரில் படித்த காலத்தில் நன்றாக ஓடுவாளாம். பத்தாவது முடிந்ததும் கல்யாணப் பேச்சு வந்து அது நின்றுபோயிற்று. இதெல்லாம் பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மா வாயைத் திறக்கவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முதல் நாள் சுடிதாரை இஸ்திரி போட்டு, மடிக்க மனசில்லாமல் கதவில் மாட்டிவைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள்.

அம்மாவை உற்சாகப்படுத்த குடும்பமே வேன் வைத்துக்கொண்டு கிளம்பியது. உற்சாகம் அதிகாலையிலேயே ஆரம்பித்துவிட்டது. என் ரிப்பன் எங்கே? தம்பிக்கு அரைக்கை சட்டையா, முழுக்கை சட்டையா? பால்காரருக்கு இன்றைக்கு எவ்வளவு சொல்வது? புளிசாதம் கட்டுவதா, தயிர்சாதமா? இரண்டும் என்றால் எந்த டப்பாவில் எது? பெரியப்பாவுக்கு வெறும் வயிற்றில் மாத்திரையா, சாப்பிட்டபின்பா? எல்லாக் கேள்விகளும் ஒரே ஆளிடம் போயின. அம்மா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னாள். விழுப்புரத்தில் ஓட்டக்காரிகள் எல்லோரும் வரிசையில் நின்று விசிலுக்காகக் காத்திருக்கும்போது, தம்பி கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடிப்போய், தனக்கு ஒண்ணுக்கு வருகிறது என்று அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்.

விசில் அடித்ததும் அப்பா பெரியப்பா வேனில் ஏறாமல் தனியாக ஓட்டிவந்திருந்த டி.வி.எஸ்ஸை வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார். பின்சீட்டில் குளுக்கோஸ் பாட்டிலோடு நான். வண்டி வரக்கூடாது என்று தடுத்தவர்களிடம், "கோச்சுங்க" என்று சொல்லிப் புகுந்துவிட்டார். அம்மா முதல் நான்கைந்து பேருக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது கடைப் பையன் போன் செய்தான். அப்பா வண்டியை அம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"இந்தா, குடோன் சாவி எங்க வச்சே? யூரியா கேட்டுக்கினு நிக்கிறாங்களாம்!"

"காலண்டர் ஆணியில!" என்றாள் அம்மா, ஓடிக்கொண்டே.

"எந்தக் காலண்டரு?"

"கடையில, சாமி படத்தாண்ட இருக்கறது... பழசு!"

கேள்வி கேட்கலாம் என்று தெரிந்ததும் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. "அம்மா, நாளைக்கு எனக்கு சயின்ஸ் பரிட்சையா, சோஷியலா?"

"சயின்ஸுடீ!"

அதற்குப் பிறகு அம்மாவின் ஓட்டம் மெதுவாகத் தளர ஆரம்பித்தது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியில், நடப்பதும் ஓடுவதுமாக வந்த ஒரு குண்டு டீச்சர்கூட, "பாத்து வாங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டு முந்திப் போனார். அம்மாவுக்குப் பின்னால் வந்தவர்களை ஒரு கை விரலிலேயே எண்ணிவிடலாம்.

ஓடி முடித்ததும், பந்தயம் பார்க்க வந்திருந்த பி.டி. சார் அம்மாவை உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"நாடி நல்லாருக்கு. மூச்சுகூட பெருசா வாங்கலையே. காலு புடிச்சிக்கிச்சாம்மா?"

"இல்ல சார். காலு நல்லாத்தான் இருக்குது. ஓட ஆரம்பிக்கும்போதே ஓடி முடிச்ச மாதிரி இருந்திச்சு. அதுக்குமேல எங்க ஓடறது?"

சார் தலையைச் சொறிந்துகொண்டார். அவர் படித்த படிப்பில் கால் வலிக்கு மருந்து இருந்தது, மூச்சு வாங்கினால் மருந்து இருந்தது. இதற்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அம்மா வேனில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புளிசாதம் எந்த டப்பா என்று யாரோ கேட்டபோது, முதல்முறையாக, தெரியாது என்றாள்.

உடம்பில் தெம்பு இல்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. திண்டிவனத்தில் இன்னொரு பந்தயம் வருகிறது என்று தெரிந்ததும் வைத்தியம் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப்பு, காலையில் கேப்பைக் கூழ், மாலையில் அவித்த மல்லாட்டைக் கடலை. எல்லாம் அம்மாவின் நன்மைக்காக. ஆகவே எல்லாவற்றையும் அம்மாவே வாங்கி, அம்மாவே கழுவி, அம்மாவே வேகவைத்தாள். குக்கருக்கு எத்தனை விசில் என்பதை அப்பா அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அதையே அவளுக்கு உத்தரவாகச் சொல்வார். பெரியம்மா தன் பங்குக்கு மிளகாய் சுற்றிப்போட்டாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் அப்பா வேனுக்குப் போன் போடப் போனபோது அம்மா சொன்னாள்.

"திண்டிவனத்துக்கு யாரும் வரவேணாங்க. நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"யாரும் வரலன்னா யாரு உன்ன என்கரேஜ் பண்றது?"

"அதான் வேணாங்கறேன்."

அம்மா அந்தக் குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார்.

காலையில் எழுந்தபோது அம்மா முதல் பஸ்ஸுக்கே போயிருந்தாள். தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, இன்றைக்கு இட்லியா தோசையா என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா யோசித்தார். பால்காரர் வந்து எவ்வளவு என்றார். அப்பா அதற்கும் யோசித்தார். எதிர்வீட்டு அக்கா வந்து, தெரிந்தவர் வீட்டுப் புதுமனை விசேஷத்துக்கு அம்மாவும் தானும் சேர்ந்து வாங்கித்தருவதாகப் பேசிக்கொண்டது குத்துவிளக்கா, சுவர்க் கடிகாரமா என்றார். நான் வெந்தயம், கடுகு இரண்டையும் காட்டி எதை முதலில் போடுவது என்றேன். அப்பா அம்மாவுக்குப் போன் போட்டார். போன் அரிசி டிரம்மின் மேல் அடித்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் அப்பா கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஞாயிறு என்றாலும் மதியம்வரை கடை உண்டு. கடைப் பையன் வாசலில் வந்து நின்றான்.

"நீயே தொறடா. எனக்கு எழுந்து நிக்கவே முடியல. ஒரு வேலையும் செய்யல, ஆனா மூட்ட தூக்கினாப்ல இருக்குது. சர்க்கர ஏறிடிச்சு போல."

அவருக்கு நான் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுபோனேன். சர்க்கரைக்காரருக்குக் குளுக்கோஸ் கொடுக்கக் கூடாது என்று அப்போது எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. பாதி குடித்தபிறகுதான் பதறித் துப்பினார். அந்தக் களேபரத்தில், தன் பையன்களை ஓடவைக்கத் திண்டிவனத்துக்குப் போயிருந்த பி.டி. சாரின் போன் வந்தது. சாரின் கத்தல் அடுப்படிவரை கேட்டது.

"அண்ணா! ரெண்டாவது! உங்க வீட்டம்மா ரெண்டாவது! முதல்ல வந்தது போலீஸ் டிரெயினிங் பொண்ணு. இன்னும் கொஞ்சம் ரோடு இருந்திருந்தா அதையும் புடிச்சிருப்பாங்க!"

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "சூப்பு" என்றார் பெருமையாக.

பதினொரு மணிக்கு சாரும் பையன்களும் வளவனூருக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா வரவில்லை. கூப்பிட்டதற்கு, நீங்கள் போங்கள், நான் அப்புறம் வருகிறேன் என்றாளாம். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று. அப்பா பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்குமாக நடந்ததில், டாக்டர் சொன்ன நடை முழுவதும் அன்று ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. மூன்று மணிக்கு மேல்தான் அம்மா தோளில் பையும் கையில் கோப்பையுமாக இறங்கி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஆனால் அப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

"எங்க போன? பஸ் கிடைக்கலியா?"

"கிடைச்சுது. நாலஞ்சு போச்சு."

"ஏறல?"

"இல்ல. ஒரு டீ வாங்கிக் குடிச்சேன். பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துக்கினு இருந்தேன்."

"யாரு கூட?"

"யாரும் இல்ல."

"என்னாதான் பண்ணிக்கினு இருந்தே?"

"ஒண்ணும் பண்ணலங்க."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். ஒருத்தி அவ்வளவு நேரம் ஒன்றுமே செய்யாமல் ஒரு பஸ் ஸ்டாண்டில் தானாக உட்கார்ந்திருப்பாள் என்பதை நான் கொஞ்சமும் நம்பவில்லை. அம்மா எங்களை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் சினிமா பார்த்திருக்கிறாள் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்து டிக்கெட்டைத் தேடினேன். பஸ் டிக்கெட்தான் இருந்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. அது என்ன படம் என்று பல வருஷம் அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.