அப்பள இன்ஜினியரின் கட்டில்

என் மாமா செய்த கட்டிலில் ஒரு பிழை இருந்தது. எங்கள் தெருவில் அதை வந்து பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. எனக்கு மட்டும் அழுகையாக வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கோவில்பட்டியில் நாங்கள் இருந்த இதே வீட்டில் பிறந்து, அந்த ஊரிலேயே படித்து, இன்ஜினியராகி, சிங்கப்பூருக்குப் போனவர். அங்கே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. ஒரு விடுமுறைக்கு வந்தபோது, எங்களுக்குப் புரியட்டும் என்று, கம்பெனியில் கழித்துப் போட்ட தட்டு ஒன்றை டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். வட்டமாக, அப்பளத்தின் கனத்தில், முகம் தெரிகிற அளவு வழவழப்பாக இருந்தது. சாய்த்துப் பிடித்தால் மயில் கழுத்து நிறம் ஓடும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சின்னச் சின்னச் சில்லுகளை இப்படி ஒரு தட்டில்தான் மொத்தமாக உண்டாக்கி, பிறகு வெட்டி எடுப்பார்களாம். அதுவரைக்கும் தட்டு ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மனிதக் கை பட்டால் கெட்டது. அதைத் தூக்கி வைக்கிற இரும்புக் கையைச் செய்வதுதான் மாமாவின் வேலை.

“விளிம்புலதான் தொடணும். அதுவும் கீழ இருந்து ஏந்துன மாதிரி. தூக்கினது அதுக்கே தெரியப்படாது” என்று இரண்டு கைகளாலும் காட்டினார்.

அப்பா நாகலாபுரம், பசுவந்தனைப் பக்கம் மிளகாய் பயிரிடுகிற சம்சாரிகளிடம் வத்தல் எடுத்து லாரியில் ஏற்றி அனுப்புகிறவர். ஏற்ற ஆள் குறைந்தால் தானே முதுகைக் கொடுத்து மூட்டையை வாங்கிவிடுவார். அவர் அந்தத் தட்டை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏ மாப்ள, இம்புட்டுப் படிச்சது அப்பளம் தூக்கவா? கல்யாண வீட்டுப் பந்தியில எல்லாப் பயலும் இதத்தான செய்யுதான்!”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமாவுக்கு அப்பள இன்ஜினியர் என்று பெயர். மாமாவும் சேர்ந்து சிரித்தார். அவருக்கு அப்பாமேல் பயமும் உண்டு, பிரியமும் உண்டு. தட்டை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை என் பாவாடை மடிப்புக்குள் வைத்து, ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் எடுத்துப் பார்ப்பேன்.

அடுத்த மாசியில், வத்தல் லோடு ஏற்றிக் கயிறு இறுக்கும்போது, அப்பா லாரி உச்சியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் முறிவு. சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, உடம்பு திருகாமல், நாலு பேராகப் பிடித்து லேசாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். இடுப்புக்குக் கீழே உணர்வு மெதுவாகத்தான் வரும் என்றும் சொன்னார்.

நாலு பேருக்கு எங்கே போவது? அம்மா இருந்தாள். பெட்டிக்கடை அண்ணாச்சி இருந்தார். மற்ற இரண்டு பேரைத் தெருவில் போய்த்தான் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு வந்தால், “இப்பத்தான தூக்குனீங்க, போங்க போங்க” என்று அப்பா விரட்டுவார். மூட்டை தூக்கின மனுஷன், தன்னை மூட்டையாக்கிவிட்டார்களே என்று நினைத்தாரோ என்னவோ. அப்போது எனக்கு அவர் கோபம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நாளில் அவர் சோற்றைக் குறைத்தார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். காலையில் நான் வைத்த சொம்பு சாயங்காலம் வரை நிறைந்தபடியே இருக்கும். வயிற்றுக்குள் ஒன்றும் போகாவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை அல்லவா.

சித்திரை பிறந்தபோது முதுகின் அடியில் புண் வந்துவிட்டது. மருந்து வைக்க வந்த நர்சம்மா அம்மாவை வெளியே கூட்டிப்போய்ச் சத்தம் போட்டாள். “இது எலும்பத் தொட்டுதுன்னா அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு ஓடிப் பிரயோசனம் இல்ல, தெரிஞ்சுக்கோ.” நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கு அம்மா மாமாவுக்குப் போன் பண்ண எஸ்.டி.டி. கடைக்குப் போனாள்.

மாமா இருபது நாள் லீவில் வந்தார். வந்ததும் முதுகுப் புண்ணைப் பார்த்தார். நிறைந்திருந்த சொம்பைப் பார்த்தார். அப்புறம் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே குச்சி அடுக்கிக் கொடுப்பாள். ஒரு மரச்சட்டம். அதற்குள் மெல்லிய பலகைகள் வரிசையாக இருக்கும். பலகை நெடுகப் பள்ளம் பள்ளமாக இருக்கும். பள்ளத்துக்கு ஒரு குச்சி. பலகைமேல் பலகையாக வைத்து இறுக்கிவிட்டால் அத்தனை குச்சியும் ஒன்றையொன்று தொடாமல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படியே கொண்டுபோய் மருந்தில் முக்கி எடுப்பார்கள். மாமா சிறுவயதில் அக்காவோடு உட்கார்ந்து அடுக்கியவர்தான். ஆனாலும் அன்று அதைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். காலியான ஒரு சட்டத்தை எடுத்து, ஒன்றுவிட்டு ஒரு பலகையை உருவினார். மிச்சப் பலகைகள்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். உருவியதைச் சொருகி, மற்றதை உருவினார்.

“அக்கா, எங்க கம்பெனியில இம்புட்டு மிசின் வச்சுச் செய்யுதோம். நீ மடியில வச்சுச் செய்யுத.”

“மடியில இருக்கத ஒடைச்சுராத. கம்பெனிக்கு எண்ணிக் கொடுக்கணும்” என்றாள் அம்மா.

மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மாமா குனிந்து, அம்மாவின் தையல் டேப்பால் அப்பாவின் வலது கையை அளந்துகொண்டிருந்தார். தோளிலிருந்து முழங்கை. முழங்கையிலிருந்து மூடிய விரல்கள் வரை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குச் சட்டை! சிங்கப்பூர் சட்டை! எழுந்து உட்கார்ந்ததும் போட்டுக்கொள்ள. ரகசியம் என்று விரல் காட்டியிருக்கிறாரே, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அதற்கப்புறம் மாமா பசுவந்தனை ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையே கதியென்று கிடந்தார். டாக்டரிடம் போய்ப் படம் வரைந்து காட்டிச் சம்மதம் வாங்கினார். பழைய சைக்கிள் செயின், பல்சக்கரம் எல்லாம் தேடி எடுத்தார். அம்மா புதுப் பருத்தி வாங்கி, நீள நீளமாக மெத்தை தைத்துக் கொடுத்தாள். பத்து நாளில் கட்டில் வந்தது. குறுக்கே வரிசையாகப் பட்டைகள்; ஒவ்வொரு பட்டைமேலும் மெத்தை. கைப்பிடியைச் சுற்றினால் ஒன்றுவிட்டு ஒரு பட்டை இரண்டு விரல்கடை தணியும். உடம்பு மற்றப் பட்டைகளில் நிற்கும். திரும்பச் சுற்றினால் இவை ஏறி, அவை தணியும். முதுகில் எந்த இடமும் நெடுநேரம் அழுந்தாது, காற்றும் படும். ஆளைத் தூக்கவே வேண்டாம். நடுவில் இரண்டு பட்டை தனியாகக் கீழே இறங்கும். அது எதற்கு என்று நான் கேட்டதற்கு அம்மா முறைத்தாள்.

அன்று வீடு கொள்ளாத கூட்டம். கடைசித் தடவையாக நாலு பேர் போர்வையோடு ஏந்தி அப்பாவைப் புதுக்கட்டிலில் கிடத்தினார்கள். பெட்டிக்கடை அண்ணாச்சி, நான்தான் முதலில் சுற்றுவேன் என்று கால்மாட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லாம் கைப்பிடி அங்கேதானே இருக்கும். குனிந்து தேடினார். இல்லை. இடது பக்கம் வந்தார். அங்கேயும் இல்லை.

“ஏலே, கைப்பிடிய எங்கனல வச்ச?”

மாமா கையைக் காட்டினார். அது கட்டிலின் வலது பக்கம், சுவரோரம் இருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது.

“நல்லா வச்சான் பாரு! பல்லியா வந்து சுத்தும்?” என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்தது.

“கட்டிலத் திருப்பிப் போடுவோம்” என்றார் ஒருவர். திருப்பினால் தலை வடக்கே வந்துவிடும். நல்ல உடம்புக்காரனே வடக்கே தலைவைத்துப் படுக்க மாட்டான்; நோயாளியைப் படுக்கவைக்க எங்கள் ஊரில் யார் சம்மதிப்பார்கள்? எதிர்ச்சுவருக்கு நகர்த்தலாம் என்றால் அங்கே வாசலும் அடுப்படிக்குப் போகும் வழியும். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இந்த வீட்டுலதானல பொறந்து வளந்த? எது வடக்கு, எது தெக்குன்னுகூடவா மறந்துபோச்சு? இப்ப நான் எங்கன நின்னு சுத்துவேன்?”

“தப்பாத்தான் போச்சுக்கா” என்றார் மாமா தலையைக் குனிந்துகொண்டு. “மாத்தணும்னா செயின் எல்லாத்தையும் பிரிக்கணும். லீவு முடியுது. அடுத்த தடவ வந்து மாத்தி வைக்கேன்.”

“அதுவர?”

அம்மா சுவரோரம் எட்டிப் பார்த்தாள். படுத்தபடியே அப்பா வலது கையை மெதுவாக இறக்கினார். கைப்பிடி சரியாக அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

“இந்தா, நான் சுத்திக்கிடுதேன். அப்பளம் தூக்குதவன்ட்ட கட்டில் செய்யச் சொன்னா இப்பிடித்தான் இருக்கும்.”

சுற்றினார். செயின் கிறுகிறு என்று ஓடியது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“என்ன மாப்ள, தூக்குச்சா இல்லையா? ஒண்ணுமே தெரியலையே.”

மாமா முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. திட்டு வாங்கின ஆள் எதற்கு இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா இன்னொரு தடவை சுற்றினார். இன்னொரு தடவையும் சுற்றினார். விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாக, வயிறு குலுங்காமல் ஜாக்கிரதையாக, சிரித்தார். “தண்ணி கொண்டா தாயி” என்று என்னிடம் சொன்னார். ஒரு சொம்பு முழுதும் குடித்தார்.

தெருப் பிள்ளைகளிடமும் கதை பரவிவிட்டது. “உங்க மாமாவுக்குச் சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாதாமே” என்று கூடப் படிக்கிறவள் கேட்டாள். மாமா ஊருக்குக் கிளம்புகிற அன்று நான் அவரிடம் அழுதுவிட்டேன்.

“எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிக்காவ மாமா.”

“உங்க அப்பா?”

“அப்பாதான் ரொம்பச் சிரிக்காவ.”

“அப்ப சிரிக்கட்டும்” என்று என் தலையைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

ஆடிக்குள் புண் ஆறிவிட்டது. தை பிறந்தபோது அப்பா கம்பு ஊன்றி நடந்தார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கட்டிலின் கோளாறை அவரே விளக்குவார். எத்தனை சுற்று, எந்த நேரத்துக்கு, எல்லாம் கணக்கு வைத்திருந்தார். “செஞ்சவனுக்கே ஓட்டத் தெரியாது, நான்லா ஓட்டுதேன்” என்பார். அடுத்த லீவில் மாமா ஸ்பானரோடு வந்து, “அத்தான், கைப்பிடிய மாத்திரவா?” என்று கேட்டபோது, “சும்மா இரு மாப்ள, இருக்கதையும் கெடுத்துராத” என்று சொல்லிவிட்டார். மாமா ஸ்பானரைப் பைக்குள் வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து அம்மாவுக்குச் சேலையும் எனக்குப் பென்சில் டப்பாவும் கொடுத்தார்.

பிற்பாடு மாமா அந்தத் தட்டு வேலையை விட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற கம்பெனிக்கே போய்விட்டார். போன வருஷம் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்து, நானும் அப்படி ஒரு கட்டிலில் படுத்திருந்தேன். நர்ஸைக் கூப்பிட எனக்குக் கூச்சம். எந்த வயதிலும் போகாத கூச்சம். கையை மெல்ல இறக்கினேன். விரல் போய் நின்ற இடத்தில் கட்டிலை ஏற்றி இறக்குகிற பொத்தான் இருந்தது.

ஆனால் மாமா ஸ்பானரோடு வந்த அந்த லீவில், பத்துப் பதினொரு வயதில், எனக்கு மாமாமேல் பெரிய மனக்குறை. அவர் பெட்டி காலியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சேலை வந்தது, சோப்பு வந்தது, தைலம் வந்தது. அப்பாவின் சட்டை வரவேயில்லை. அளவெடுத்ததை நான் பார்த்தேனே, மறந்துவிட்டாரே என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வலது கையை மட்டும் அளந்து யார் சட்டை தைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.