பனிக்குள் எதிரே வந்த எங்கள் வண்டி

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஸ்ரீ சிட்டியில் கார்களுக்கு வயர் கோர்க்கிற கம்பெனியில் வேலை. அங்கே ஒரு விளக்கு எரிந்தால் கரண்ட் எந்த வயர் வழியாக வந்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும், சாமி எரியவைத்தது என்று சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள், நான் சத்தியம் பண்ணி யாரையும் கெஞ்சப் போவதில்லை.

என் வீட்டுக்காரர் எத்திராஜ் சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறார். வரதய்யபாளையத்திலிருந்து நெல் மூட்டை, காய்கறி, கல்யாண வீட்டுச் சாமான், எது கிடைத்தாலும் ஏற்றுவார். போன மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் ஒரு வலி வருவதும் போவதுமாக இருந்தது. ஒருமுறை வண்டி ஓட்டும்போதே கண் இருட்டி, எப்படியோ ஓரம் கட்டி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து கிடந்திருக்கிறார். அதையும் இன்னொரு டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டரிடம் போகலாம் வாய்யா என்றால், "வாயுமே அது. உன் பூரிய துன்னா வேற இன்னா வரும்?" என்று என் சமையல் மேலேயே பழியைப் போடுவார். அவர் பயம் எனக்குத் தெரியாதா? இனிமேல் வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான். எனக்கோ, இந்த மனுஷன் ஏதாவது ஒரு ரோட்டில் தன்னந்தனியாகப் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று வேலையில் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்பு.

அவர் கேட்டதெல்லாம் லைட்தான். பழைய லைட் அகல்விளக்கு மாதிரி எரிகிறது என்று ஒரே புலம்பல். சரி என்று வெளிக்கடையில் எல்இடி லைட் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். எங்கள் வண்டியில் பகலிலும் லைட் எரியும், டிஆர்எல் என்பார்கள், அதற்குத் தனி பல்ப் கிடையாது, சாவி போட்டதும் ஹெட்லைட்டே அரைக் கரண்டில் எரியும். புது லைட்டுக்கு நேராகப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து நடுவில் ரிலே வைத்தேன், கரண்ட் வந்தால் தானே ஒட்டிக்கொள்கிற சுவிட்ச் அது. ரிலேவைத் தூண்டிவிட மட்டும் பழைய வயரில் ஒன்றைத் தொட வேண்டும். மஞ்சள் கோடு போட்ட சிவப்பைத் தொட்டேன். எங்கள் கம்பெனி லைனில் ஹெட்லைட் என்றால் அந்தக் கலர்தான், கை பழக்கத்தில் தானாகப் போய்விட்டது. இந்த வண்டியில் அது டிஆர்எல் வயர். அரைக் கரண்டில் ரிலே ஒட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் டிக்டிக்கென்று அடித்துக்கொள்ள, இரண்டு லைட்டும் படபடவென்று துடித்தன, அதிலும் இடது லைட் வலதைவிட ஒரு தட்டு பின்தங்கி.

எத்திராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாமே, கம்பெனில இப்டிதான் கார் செய்றீங்களா?"

எனக்கு வந்ததே கோபம். வயரைச் சரியான இடத்துக்கு மாற்றினேன், அந்தக் கடுப்பிலேயே டிஆர்எல் ஃபியூஸையும் பிடுங்கி டாஷ்போர்டு டப்பாவுக்குள் எறிந்தேன். இனி சுவிட்சைப் போட்டால்தான் லைட்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது லைட் போட்டால் முதல் வெளிச்சம் மலைக்கு. திருப்பதிக்குப் போய், வண்டியை மலையைப் பார்க்க நிறுத்தி, லைட்டைப் போட்டு, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அதை இருட்டில் ஓட்டுவார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மலைக்குக் காட்டப் போகலாம் வாய்யா, நானும் லீவு போடுகிறேன் என்றேன். திருப்பதி இதய ஆஸ்பத்திரியில் ஏற்கனவே பேர் பதிந்து வைத்திருந்ததை மூச்சுவிடவில்லை.

நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்பினோம். காளாஸ்திரிக்கு முன்னால் ஒரு ஏரிக்கரை வளைவு வரும். அங்கே போனதும் பனி அப்படியே இறங்கிவிட்டது. ஏரியா, வயலா, வானமா என்று பிரிக்க முடியவில்லை, எல்லாம் கழுநீர் ஊற்றிவிட்ட மாதிரி ஒரே வெள்ளை. எங்கள் என்ஜின் சத்தம்கூட யாரோ தூரத்தில் வேறு வண்டி ஓட்டுவதுபோல் கேட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி ஒரு சுகம், பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. எத்திராஜ் மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினார்.

அப்போதுதான் எதிரே லைட் தெரிந்தது. இரண்டும் மங்கலாகத் துடித்துக்கொண்டு, இடது லைட் ஒரு தட்டு பின்தங்கி.

"எவன்டா இவன், பட்டப்பகல்ல கண்ண சிமிட்டிக்கினு வரான்," என்றார் எத்திராஜ்.

வண்டி அவசரமே இல்லாமல் வந்தது, தண்ணீரில் இலை மிதந்து வருகிற மாதிரி. சத்தமே இல்லை. எங்கள் வண்டியேதான். அதே நீலம், பக்கவாட்டில் அதே நசுங்கல். எங்களுக்கு வலப்பக்கமாக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்தது. ஸ்டியரிங்கில் ஒரு பொம்பளை. நான்தான் அது. அன்றைக்கு எனக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. அவளுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து எத்திராஜ். கண் மூடியிருந்தது.

பனி மூடிக்கொண்டது. அந்தத் துடிப்புக்கு டிஆர்எல் கரண்ட் வேண்டுமே என்று டப்பாவைத் திறந்து பார்த்தேன், ஃபியூஸ் அதிலேயே கிடந்தது.

"நம்ம மாதிரியே வண்டிமே, பாத்தியா? டிரைவர் மூஞ்சிதான் தெரில," என்றவர், திரும்பி என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இன்னாமே? இன்னா ஆச்சி?"

அழுதுவிட்டேன். மலை எங்கேயும் போகாது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்யா, பேர் பதிந்து வைத்திருக்கிறேன் என்று கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். "செரி, போலாம்" என்றார்.

ரத்தக்குழாயில் அடைப்பு. அன்றைக்கே உள்ளே தள்ளி ஸ்டென்ட் வைத்தார்கள். நல்ல நேரத்தில் கூட்டி வந்தாய் என்று என்னிடம் சொன்ன டாக்டர், அவரிடம், "இக பண்டி நடபொத்து" என்று தெலுங்கில் கறாராகச் சொன்னார். இனி வண்டி ஓட்டக்கூடாது. எத்திராஜ் குழந்தை மாதிரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வண்டியை விற்க அவருக்கு மனசு வரவில்லை. யாராவது ஓட்டியாக வேண்டுமே. நான்தான் கற்றுக்கொண்டேன். லைசென்ஸும் வாங்கியாயிற்று. இப்போது லீவு நாட்களில் நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாத்து, பிரேக்க மிதி என்று உயிரை வாங்குகிறார். டிஆர்எல் ஃபியூஸைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அந்தத் துடிப்பு திரும்ப வந்துவிட்டால்? நான் இருக்கும்வரை நடக்காது.

ரேணிகுண்டா தாண்டினால் அவருக்குத் தூக்கம் வரும், தலை கண்ணாடியில் சாயும். மாத்திரை சாப்பிடுகிற உடம்பு, தூங்கட்டும் என்று யாரும் விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். யோவ், தூங்காதய்யா, பேசு என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் "ம்" என்று சொல்கிறவரை என் உயிர் என்னிடம் இருக்காது. ஏன்மே இப்படிப் படுத்தறே என்று சிரிப்பார்.

அவரிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பனியில் போனாளே, அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவர் பக்கம் பார்த்துப் பார்த்து, நிறுத்தாமல் என்னவோ கேட்டுக்கொண்டே போனாள். அவருக்கு வாய் அசைந்ததா என்று நான் பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது.